லீவில் போன இக்கு

லிஃப்ட்காரருக்குத் தமிழில் எல்லா எழுத்தும் தெரியும். எந்த இடத்தில் ஒரு க் கூடுதலாக வரும், எந்த இடத்தில் வராது என்பது மட்டும் ஐம்பத்தெட்டு வயதாகியும் பிடிபடவில்லை. இதில் பெரிய அவமானம் ஒன்றும் இல்லை. நம்மில் பாதிப் பேர் அந்த இடம் வந்தால் குத்துமதிப்பாக எதையோ போட்டுவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள்தான். ஆனால் அவருக்கு வாய்த்த மனைவி ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அதனால் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

இருபத்தாறு வருடம் அந்த அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் எழுதியதைத் திருத்தினார். பாடப்புத்தகம், பேருந்துக் கால அட்டவணை, பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கை, ஒரு பெரிய மனிதரின் சுயசரிதை மூன்று பாகம் என்று எது வந்தாலும் அவர் பென்சிலைத் தாண்டித்தான் போகும். ஒன்றிலும் அவர் பெயர் இருக்காது. பிழை இருந்தால்தான் "யாருய்யா புரூஃப் பார்த்தது?" என்று கேட்பார்கள். பிழை இல்லாவிட்டால் அப்படி ஓர் ஆள் இருந்ததே தெரியாது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர் பிழைப்பும் அதேதான். அது ஓடுகிற வரைக்கும் அவரை யாரும் நினைப்பதில்லை. இந்த ஒரு பொருத்தமே அவர்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டிய வேலை அவருடையது. போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போவார். "லிஃப்ட் வேலை. மருந்து கடைக்கு போய்விட்டு வருகிறேன்" என்று இருக்கும். மாலையில் வந்து பார்த்தால் சிவப்புப் பென்சிலால் இரண்டு இடத்தில் சின்னதாகக் கூரை போட்டு, அதன் மேல் ஒரு க்கும் ஒரு ப்பும் உட்கார்ந்திருக்கும். சமையலறையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, இக்கு எங்க?"

"லீவுல போயிருக்கு."

ச் விட்டாலும் ப் விட்டாலும் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் இக்குதான். முப்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில். வெளியாள் கேட்டால் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பார். அவர்களுக்கு இருந்தது.

இனி அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிஜக் கப்பல் இல்லை, தொலைக்காட்சித் தொடரில் வந்த கப்பல். பல வருடங்களுக்கு முன் வாரா வாரம் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது பகுதியோடு, காரணம் ஒன்றும் சொல்லாமல், நடுக்கடலில் நிறுத்திவிட்டார்கள். ஏறின பயணிகள் ஏறினபடியே நின்றார்கள். ஊர் இரண்டே மாதத்தில் மறந்துவிட்டது. மறக்க முடியாத ஓர் இருநூறு பேர் மட்டும் இணையத்தில் ஒருவரையொருவர் தேடிப்பிடித்து, 'கரை' என்று ஒரு தளம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே அவர்களுக்கு ஒரே வேலை, ஆளுக்கொரு கதை எழுதி அந்தப் பயணிகளை எப்படியாவது கரை சேர்ப்பது. காசு கிடையாது. புத்தகமாகவும் வராது. படித்த யாராவது கீழே "அழுதுட்டேன்" என்று ஒரு வரி போட்டால் அதுதான் சம்பளம்.

புரூஃப் அம்மாளுக்கு அங்கே 'உப்புக்காற்று' என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று அச்சகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தொடரில் மூன்றே மூன்று காட்சிகளில் வந்துபோன தந்திக்காரப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓர் அத்தியாயம் எழுதினார். அடுத்தவர் வரிகளோடு மல்லுக்கட்டி அலுத்த கை அங்கே தன் சொந்த வரியை எழுதிற்று. மொத்தம் நாற்பத்தொரு அத்தியாயம். ஒன்றில்கூட ஓர் இக்கு இடம் மாறியிருக்காது.

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த அம்மாள் பிரஷ்ஷைக் கீழே போட்டார். எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் தப்பிற்று. வலது கையில் பாதி பலம் திரும்பி வந்தது. பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. ஆயிரம் சொல் இருக்க அந்தச் சொல் மட்டும் ஏன் மிச்சம் நின்றது என்று எந்த டாக்டராலும் விளக்க முடியவில்லை.

"அம்மா, உங்க பேர் என்ன?"

"அப்புறம்."

"தண்ணி வேணுமா?"

"அப்புறம்."

வேண்டும் என்றாலும் அப்புறம், வேண்டாம் என்றாலும் அப்புறம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் லிஃப்ட்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தார். கேட்பதெல்லாம் அம்மாளுக்குப் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்றார் டாக்டர். படிக்க வருமா? "வரலாம், வராமலும் போகலாம்." பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பூனை, நாற்காலி, குடை என்று பட அட்டைகளை நீட்டினாள். படத்தைப் பார்த்தார், கீழே இருந்த எழுத்தைப் பார்க்கவில்லை. செய்தித்தாளைக் கொடுத்தால் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தாறு வருடம் எழுத்தைக் கட்டி மேய்த்தவருக்கு இப்போது எழுத்து பிடிகொடுக்கவில்லை. அந்த நேரத்து முகத்தைப் பார்க்கும் தெம்பு லிஃப்ட்காரருக்கு இல்லை.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மனைவியின் கதையை மனைவிக்கே படித்துக் காட்டினார். தந்திக்காரப் பெண் வரும் இடங்களில் அம்மாளின் இடது கைவிரல் மடியில் மெல்லத் தட்டும். வாரத்துக்கு நாலைந்தாகப் படித்து நாற்பத்தொன்றும் முடிந்தன. கடைசி அத்தியாயம், தந்திக்காரப் பெண் ஒரு கதவின் மேல் கை வைப்பதோடு நின்றிருந்தது. அவர் போனை மடியில் வைத்தார். அம்மாள் அவரையே பார்த்தார்.

"அப்புறம்," என்றார்.

அது கேள்வியா, இல்லை எதற்கும் வருகிற அந்த ஒற்றைச் சொல்தானா? அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை கேள்வியாக இருந்துவிட்டால்? பதில் சொல்லாமல் விடுவதா? பொய் தானாக வாயில் வந்தது.

"இருக்கு, இருக்கு. நீ எழுதி வச்சது இன்னும் நிறைய கம்ப்யூட்டர்ல இருக்கு. அடுத்த வாரம் படிக்கறேன்."

அம்மாள் முகம் மலர்ந்தது. அடைப்புக்கு முந்தின மாதங்கள் அவர் நினைவில் கலங்கித்தான் இருந்தன. தான் அவ்வளவு எழுதி வைத்திருக்கிறோமே என்கிற பெருமை முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்ட பிறகு பின்வாங்க வழி ஏது?

அன்றிலிருந்து லிஃப்ட்காரர் கதாசிரியர் ஆனார். கட்டடங்களின் உச்சியில், மோட்டாரும் கயிறும் ஓடுகிற மெஷின் ரூமில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து போனில் கட்டைவிரலால் எழுதினார். மண்டை காய்ந்தது. கதாநாயகி கதவைத் திறக்க வேண்டும், எப்படித் திறப்பாள்? கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது என்று எழுதினார். பிறகு அவளையே எண்ணெய் விடச் சொன்னார். ஒரு பக்கம் ஓடிவிட்டது. அடுத்த வாரம் சங்கிலி தளர்ந்தது, அதற்கடுத்த வாரம் திருகாணி கழன்றது. அவருக்குத் தெரிந்த உலகம் அதுதானே.

எழுதியதைத் தளத்திலும் உப்புக்காற்று பெயரிலேயே போட்டுவந்தார். அதற்குக் காரணம் இருந்தது. 'கரை' தளத்தில் மூன்று மாதம் எழுதாமல் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் 'இறங்கிவிட்டார்' என்று போட்டு, அந்தக் கதையை வேறு யாராவது தொடரலாம் என்று விட்டுவிடுவார்கள். மனைவி குணமாகி வரும்போது அவர் இடம் பறிபோயிருக்கக் கூடாது. பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரிதான் அவர் எழுதினார். ஆனால் தளத்துக்கு இன்னொரு விதியும் உண்டு, ஒரு பெயருக்கு ஒரே ஆள். வேறு கை எழுதியது தெரிந்தால் கதை மொத்தத்தையும் நீக்கிவிடுவார்கள். மனைவி எழுதிய நாற்பத்தொன்றும் சேர்ந்து போய்விடும்.

வீட்டில் படித்துக் காட்டுவதில் சிக்கல் இல்லை. இக்கு வேண்டிய இடத்தில் நாக்கு தானாக அழுத்திவிடும். அவர் பிழையெல்லாம் எழுத்தில்தான், வாயில் இல்லை. காதால் கேட்கிற மனைவிக்கு அது தெரிய வழியே கிடையாது.

தளத்தில் படிக்கிறவர்கள் கதை வேறு. நாற்பத்தாறாம் அத்தியாயத்தில் கப்பலின் சமையல்காரர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர், ஒரே ஒரு வரியில் வந்துபோனார். உடனே தளம் கொந்தளித்தது. "சமையல்காரரா இப்படி?" "யாரைக் குத்தப் போகிறார்?" "கத்தியை எங்கே ஒளித்து வைத்திருந்தார்?" லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். கத்தியா? அவர் எந்தக் கத்தியையும் கப்பலில் ஏற்றவில்லையே! தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருநூறு பேருக்கும் ஒரே சமயத்தில் மூளை பிசகிவிட்டது என்று முடிவு கட்டினார். ஆனாலும் கேட்டவர்கள் வாயை அடைப்பதற்காக, அடுத்த வாரம் சமையல்காரர் ஒரு கத்தியை எடுத்துச் சிக்குண்ட கயிற்றை அறுப்பதாக எழுதி வைத்தார். பாராட்டு குவிந்தது.

இப்படியே எட்டு மாதம் ஓடிய பிறகு ஒரு கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். அவள் ஆய்வே 'கரை' தளத்துக் கதைகள்தான். இருநூறு பேர் எழுதியதையும் மூன்று வருடமாகப் படித்து, எண்ணி, வகைபிரித்து வைத்திருக்கிறாள். அதில் ஓர் இயல் முழுக்க உப்புக்காற்றைப் பற்றியது. எழுதியவர் நேரில் சம்மதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தக் கதைகளை ஆய்வில் சேர்க்க முடியாதாம், சந்திக்க வரலாமா என்று கேட்டிருந்தாள்.

மூன்று வாரம் சாக்குப்போக்குச் சொல்லித் தட்டிக்கழித்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. ஊரார் புத்தகத்தையெல்லாம் திருத்தி அனுப்பிய பெண்பிள்ளையின் எழுத்து ஒரு புத்தகத்தில் ஏறப்போகிறது. படித்தவர்கள் உட்கார்ந்து அதைப் பற்றி யோசிக்கப் போகிறார்கள். தன் குட்டு உடைந்துவிடும் என்ற பயத்தில் அதைக் கெடுப்பதா? நாலாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லி முகவரியை அனுப்பிவிட்டார். வீடு ஆறாவது மாடியில். கீழே போய் அந்தப் பெண்ணை எதிர்கொண்டு, லிஃப்ட்டில் மேலே வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, மனைவி காதுக்கு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்வது என்பது திட்டம். அந்த லிஃப்ட் ஆறு மாடி ஏற இருபத்துநாலு விநாடி எடுக்கும் என்பது அவருக்கே தெரியும். கணக்கு எங்கே உதைத்தது என்று கேட்காதீர்கள்.

ஆய்வுக்காரப் பெண் தோளில் கனத்த பையோடு வந்தாள். இருவரும் ஏறினார்கள். அவர் தொண்டையைச் செருமினார். இரண்டு, மூன்று, நாலு என்று எண்கள் எரிந்து அணைந்தன. ஆறு வந்து கதவும் திறந்துவிட்டது.

"ஒரு நிமிஷம்மா, கீழ சாவிய விட்டுட்டேன்," என்று கதவை மூடினார். சாவி சட்டைப் பையிலேயே குலுங்கிக்கொண்டிருந்தது.

கீழே போனார்கள், மேலே வந்தார்கள். இந்தத் தடவை குடையை மறந்திருந்தார். வெளியே வெயில் பொளந்துகொண்டிருந்தது. மறுபடி கீழே இறங்கியபோது அந்தப் பெண்ணே கேட்டாள்.

"சார், என்ன விஷயம்னு சொல்லிடுங்களேன்."

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. அவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்புக்காத்து என் சம்சாரம்தாம்மா. ஆனா நாப்பத்தொண்ணு வரைக்கும்தான் அவ எழுதினது. நாப்பத்திரெண்டுலேர்ந்து நான்."

நடந்ததையெல்லாம் சொன்னார். செவ்வாய்க்கிழமையை, 'அப்புற'த்தை, கவிழ்த்துப் போட்ட வாளியை, எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தடிமனான தாள்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார், நாப்பத்தொண்ணு வரைக்கும் யாரும் எதையும் ரிப்பேர் பண்ண மாட்டாங்க. அதுக்கப்புறம் அத்தியாயத்துக்கு ஒருத்தர் எதுக்காவது எண்ணெய் போடறாங்க. நான் எண்ணியே வச்சிருக்கேன். அது ஏன்னு மட்டும் புரியாம இருந்துச்சு." பிறகு தயங்கினாள். "அப்ப ஒற்றெல்லாம் விட்டுப்போறது? வேணும்னு விடலையா?"

"எந்த ஒற்று?"

"க், ச், த், ப். 'ஒற்றின் மறைவு: துயரத்தின் எழுத்துமுறை'ன்னு ஒரு பகுதியே எழுதியிருக்கேன் சார். இழப்ப எழுத்தே இல்லாம காட்டறாங்கன்னு. எங்க பேராசிரியர் ரொம்பப் பாராட்டினார்."

"எனக்குத் தெரியாதும்மா, அதான் விட்டேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அந்தக் கத்தி?"

"அதான் எனக்கும் புரியல. எல்லாரும் கத்தி கத்திங்கறீங்க. நாப்பத்தாறுல அவர் எப்பம்மா கத்தி எடுத்தார்?"

அவள் தாள்கட்டைப் பிரித்து நாற்பத்தாறாம் அத்தியாயத்தை மேலே வைத்து, விரலால் காட்டினாள். 'ரொட்டி கருகியதை பார்த்த சமையல்காரர் அடுப்படியில் இருந்து கத்தி கொண்டு வந்தார்.'

"சரியாத்தானே இருக்கு? ரொட்டி கருகிடுச்சு, அவர் கத்திக்கிட்டே வந்தார்," என்றார்.

"கத்திக்கொண்டுன்னா சத்தம் போட்டுக்கிட்டு. கத்தி கொண்டுன்னா கையில கத்தியோட. நடுவுல ஒரு க் வேணும் சார்."

"அடக் கடவுளே," என்றார் லிஃப்ட்காரர்.

"ஐம்பதாம் அத்தியாயத்துல கப்பல் தலைவர் தந்திக்காரப் பெண்ணுக்கு 'வேலைக் கொடுத்தார்'னு இருக்கு. வேல். ஈட்டி. அந்த வேல் எதோட குறியீடுன்னு நாலு பக்கம் எழுதியிருக்கேன்."

"உத்தியோகம்மா. வேலை போட்டுக் கொடுத்தார்."

அங்கே க் வேண்டும், இங்கே வேண்டியதில்லை. அவர் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தார். அந்தப் பெண் தாள்கட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பதறிப்போனார். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரித்துக் கண்ணில் நீர் வந்திருந்தது.

"என் மூணாவது இயல் போச்சு சார்," என்றாள்.

"நாப்பத்திரெண்டுலேர்ந்து தூக்கிப் போட்டுடுங்க. முன்னாடி உள்ளது அவளோடது, அது உங்க புத்தகத்துல இருக்கணும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. எல்லாம் அவ எழுதினதுன்னு நம்பிக்கிட்டிருக்கா. அந்த ஒரு சந்தோஷம்தான் அவளுக்கு இருக்கு."

அவள் உடனே தலையாட்டிவிடவில்லை. "தெரிஞ்சத மறைச்சு எழுத மாட்டேன் சார். ஆனா உங்க வீட்டுல நான் வாயத் திறக்க மாட்டேன், அது சத்தியம்." பிறகு தாள்கட்டைப் பார்த்தாள். "இது?"

"அது பரவாயில்ல. அவளால படிக்க முடியாது."

மூன்றாவது முறையாக மேலே போனார்கள். அம்மாள் ஜன்னலோரம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆய்வுக்காரப் பெண் கட்டை மேசையில் வைத்துவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க தந்திக்காரப் பொண்ணு பின்னாடிதான் மூணு வருஷமா சுத்திட்டிருக்கேன். அவ முதல் அத்தியாயத்துல ராத்திரி கடலுக்கு 'யாராவது இருக்கீங்களா'ன்னு தந்தி அடிப்பாளே, அதப் படிச்சுட்டுத்தான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன்."

"அப்புறம்," என்றார் அம்மாள்.

லிஃப்ட்காரர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். இரண்டு டம்ளரை நிரப்பி எடுத்துக்கொண்டு திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அம்மாளின் கை தாளின் மேல் இருந்தது. இந்தத் தாளை அவர் தள்ளிவிடவில்லை. ஏன் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கிற்று. ஆய்வுக்காரி குறிப்பு எழுத வசதியாக ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, வரிக்கு வரி இடைவெளி விட்டு, ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம் வைத்திருந்தாள். அச்சகத்திலிருந்து புரூஃப் அப்படித்தான் வரும். பதினான்கு மாதமாக எல்லோரும் பூனை அட்டையையும் செய்தித்தாளையும் நீட்டினார்களே தவிர, ஒருவருக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு புரூஃப் கொடுக்கத் தோன்றவில்லை.

இடது கை ஆள்காட்டி விரல் வரியின் மேல் ஊர்ந்தது. நின்றது. பின்னால் போனது. மறுபடி வந்தது. அம்மாள் கையை நீட்டி, எதிரே இருந்தவளின் விரல்களுக்கிடையிலிருந்து பென்சிலை உருவினார். 'கத்தி'க்கும் 'கொண்டு'வுக்கும் நடுவில், கோணல்மாணலாக ஒரு கூரை போட்டார். அதன் மேல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு க் எழுதினார். புள்ளி வைக்க மறக்கவில்லை.

லிஃப்ட்காரருக்கு முதலில் வந்தது சந்தோஷம். படிக்கிறாள்! அடுத்த நொடி விஷயம் உறைத்தது. படிக்கிறாள்.

அம்மாள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் கேள்வி இல்லை. அந்தப் பிழையை முப்பது வருடமாக ஃபிரிட்ஜ் கதவில் பார்த்தவர் அவர். ஆள் யார் என்று சொல்லவா வேண்டும்?

"நான்தாம்மா," என்றார். டம்ளர்களைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. "நீ நாப்பத்தொண்ணுதான் எழுதினே. மிச்சமெல்லாம் நான். நீ எழுதினதுன்னு பொய் சொன்னேன். உன் கதையக் கெடுத்துட்டேன்னு தெரியும். நீ வர்ற வரைக்கும் இடத்த விட்டுடக் கூடாதுன்னுதான்."

அம்மாள் பென்சிலைக் கீழே வைத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம்தான். பூசி மெழுக வேண்டியதில்லை, நல்ல கோபம். தன்னுடையது என்று வாரா வாரம் கேட்டு மகிழ்ந்தது தன்னுடையது இல்லை என்றால் யாருக்குத்தான் வராது? கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். ஆய்வுக்காரப் பெண் எழுந்து போவதா உட்காருவதா என்று தவித்தாள். லிஃப்ட்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். அவருக்குப் பழுதுபார்க்கத் தெரியாத இடம் அது.

பிறகு, முகத்தைத் திருப்பாமலே, அம்மாளின் இடது கை மேசைமேல் நீண்டது. உள்ளங்கை மேல்நோக்கித் திறந்திருந்தது.

"அப்புறம்?"

இந்தத் தடவை சந்தேகத்துக்கே இடமில்லை. அது கேள்விதான். அச்சகத்துப் பையன்களிடம் அடுத்த தாளைக் கேட்பதுபோல அதிகாரமாகக் கேட்ட கேள்வி.

ஆய்வுக்காரப் பெண்தான் முந்திக்கொண்டு அடுத்த தாளை வைத்தாள். அதற்கடுத்ததையும் வைத்தாள். அம்மாள் மெதுவாகப் போனார். பல சொற்கள் பிடிபடவில்லை என்பது நெற்றிச் சுருக்கத்தில் தெரிந்தது. அவற்றைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு நகர்ந்தார். ஆனால் விடுபட்ட இக்கு கண்ணுக்குத் தப்பவில்லை. 'வேலைக் கொடுத்தார்' என்ற இடம் வந்ததும் நின்றார். கப்பல் தலைவரை, ஈட்டியை, தன் தந்திக்காரியை ஒருமுறை மனசில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு வாயிலிருந்து வராமல் மூக்கு வழியாக வந்தது. அந்தக் க்கை அடித்துவிட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் புருஷனின் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது.

மத்தியானம் ஆகிவிட்டது. ஆய்வுக்காரப் பெண் ஒப்புதல் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி விளக்கினாள். தளத்து நிர்வாகிக்கு நடந்ததைத் தானே எழுதுவதாகவும், விதிக்குள் இப்படியும் ஒரு விலக்கு வேண்டும் என்று வாதாடுவதாகவும் சொன்னாள். ஜெயிக்கும் என்று உறுதி சொல்லவில்லை. அம்மாள் கேட்டுக்கொண்டார். இடது கையால், முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி, தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் படிவத்தைக் கணவர் பக்கம் தள்ளினார்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அவர்.

அம்மாள் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பென்சிலை அதன் மேல் வைத்தார்.

"நீங்களும் போடுங்க சார்," என்றாள் அந்தப் பெண். "அம்மா சொல்றது எனக்கே புரியுது."

அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'கதையில் உங்கள் பங்கு' என்று ஒரு கட்டம் இருந்தது. எழுத்தாளர் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. யோசித்து யோசித்து, 'கதைக்கு காவல்' என்று எழுதினார்.

அம்மாள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். விரல் ஊர்ந்தது, நின்றது. உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இ... இக்கு," என்றார். கொஞ்சம் இளைப்பாறினார். "எங்க?"

பதினான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த இரண்டாவது சொல்லும் மூன்றாவது சொல்லும் அவைதான். லிஃப்ட்காரருக்குப் பதில் தெரியும். முப்பது வருடமாகத் தெரிந்த பதில். ஆனால் அவர் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் விடவில்லை, பென்சிலால் அந்த இடத்தைத் தட்டினார். கேட்டால் பதில் வர வேண்டும்.

"இக்கு எங்க?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லீவுல போயிருந்துச்சும்மா," என்றார். "இப்பதான் வந்துச்சு."